பந்தயக் கார் பேட்டரியும் உங்கள் லேப்டாப் பேட்டரியும்

புதிதாக லேப்டாப் வாங்கியவர்களுக்கு வரும் முதல் சந்தேகங்களில் ஒன்று பேட்டரியைப் பற்றியது. எந்நேரமும் சார்ஜரை மாட்டியே வைக்கலாமா? முழுவதும் தீர்ந்த பிறகுதான் சார்ஜ் செய்ய வேண்டுமா? ஒரு மாதம் ஊருக்குப் போனால் என்ன செய்வது? கடைக்காரர் ஒன்று சொல்வார். பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவர் அதற்கு நேர் எதிராகச் சொல்வார். இருவருமே உறுதியாகச் சொல்வதால் நமக்குக் குழப்பம்தான் மிஞ்சும்.

இந்தக் கேள்விகளுக்கு விடை தேட இந்த மாதம் சற்று வித்தியாசமான இடத்திற்குப் போவோம். விலை உயர்ந்த ஸ்போர்ட்ஸ் கார்களிலும் லித்தியம் பேட்டரி வந்துவிட்டது. அதைப் பராமரிக்கச் சொல்லப்படும் விதிகளுக்கும் உங்கள் மேஜை மீது இருக்கும் லேப்டாப்பிற்கான விதிகளுக்கும் அடிப்படை ஒன்றுதான். காரை வைத்துப் புரிந்து கொண்டால் லேப்டாப் எளிதாகப் புரியும். அதோடு, கடலூர், சிதம்பரம் போன்ற கடலோர ஊர்களில் இருப்பவர்கள் புயல் காலத்தில் கவனிக்க வேண்டியவற்றையும் பார்த்துவிடுவோம்.

கார் கம்பெனி லேப்டாப் பேட்டரியைத் தேடி வந்த கதை

லித்தியம் அயன் பேட்டரியை 1991ல் முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டு வந்தது ஜப்பானின் சோனி நிறுவனம். கேம்கார்டர், செல்போன், லேப்டாப் என்று கையடக்கப் பொருட்களில்தான் அது முதலில் இடம் பிடித்தது. லேப்டாப் பேட்டரிகளுக்கு உள்ளே நம் டார்ச் லைட் செல் போன்ற உருளைகள் வரிசையாக இருக்கும். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். அதனால் அந்த செல்லுக்கு 18650 என்றே பெயர்.

2008ல் அமெரிக்காவின் டெஸ்லா நிறுவனம் ரோட்ஸ்டர் என்ற மின்சார ஸ்போர்ட்ஸ் காரை வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்க ஆரம்பித்தது. அதன் பேட்டரிக்குள் என்ன இருந்தது தெரியுமா? லேப்டாப்பில் இருப்பதைப் போன்ற 18650 அளவு செல்கள்தான், மொத்தம் 6,831. அத்தனையும் சேர்ந்து சுமார் 53 கிலோவாட்-அவர் மின்சாரத்தைச் சேமித்தன. பேட்டரியின் எடை ஏறக்குறைய 450 கிலோ. ஆறு செல் கொண்ட லேப்டாப் பேட்டரி ஒன்றை எடுத்துக் கொண்டால், இது சுமார் 1,138 லேப்டாப்களுக்குச் சமம்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த 6,831 செல்களுக்கும் இடையே குளிர்விக்கும் திரவம் ஓடுவதற்குக் குழாய்கள் அமைத்தார்கள். லித்தியம் பேட்டரிக்கு வெப்பம் எவ்வளவு பெரிய எதிரி என்பதை இதிலிருந்தே தெரிந்து கொள்ளலாம். நம் லேப்டாப்பில் குழாயும் இல்லை, திரவமும் இல்லை. ஒரு சின்ன பேன் இருக்கும், அதுவும் பெரும்பாலும் பிராசசருக்காக. எனவே பேட்டரியின் சூட்டைப் பார்த்துக் கொள்ளும் பொறுப்பு நம்முடையது.

பத்து கிலோ குறைத்த பேட்டரி

பெட்ரோல் கார்களிலும் ஒரு பேட்டரி உண்டு அல்லவா? இன்ஜினை ஸ்டார்ட் செய்யவும், விளக்கு, ஹார்ன் போன்றவற்றுக்கும் பயன்படும் 12 வோல்ட் பேட்டரி. இது நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஈயமும் அமிலமும் சேர்ந்த பேட்டரிதான். எடை அதிகம். பந்தயக் கார்களில் ஒவ்வொரு கிலோவையும் குறைக்கப் பாடுபடுபவர்களுக்கு இது உறுத்தலாக இருந்தது.

ஜெர்மனியின் போர்ஷே நிறுவனம் 2009 நவம்பரில் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. 911 ஜிடி3, 911 ஜிடி3 ஆர்எஸ், பாக்ஸ்டர் ஸ்பைடர் ஆகிய கார்களுக்கு லித்தியம் பேட்டரியைக் கூடுதல் வசதியாகத் தருவதாகச் சொன்னது. எடை 6 கிலோவுக்கும் குறைவு. வழக்கமான 60 ஆம்பியர்-அவர் ஈய பேட்டரியை விட 10 கிலோவுக்கு மேல் குறைவு. ஜெர்மனியில் விலை 1,904 யூரோ! அதன் கொள்ளளவு 18 ஆம்பியர்-அவர் மட்டுமே. ஆனாலும் இன்ஜினை ஸ்டார்ட் செய்யும் வேலைக்கு 60 ஆம்பியர்-அவர் ஈய பேட்டரிக்கு ஈடு கொடுக்கும் என்றார்கள். ஈய பேட்டரியில் எழுதியிருக்கும் கொள்ளளவில் ஒரு பகுதியைத்தான் நடைமுறையில் பயன்படுத்த முடியும் என்பதே காரணம்.

இன்னொரு செய்தி. அந்தக் காரை வாங்கியவர்களுக்கு லித்தியம் பேட்டரியோடு பழைய ஈய பேட்டரி ஒன்றையும் சேர்த்தே கொடுத்தார்கள். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே போனால் லித்தியம் பேட்டரி இன்ஜினைச் சுழற்றத் திணறும் என்பதால் குளிர்காலத்திற்காக இந்த ஏற்பாடு. நமக்கு அந்தப் பிரச்சினை இல்லை. கடலூரில் பூஜ்யம் டிகிரியை யாரும் பார்த்ததில்லை. நமக்கு இருப்பது அக்னி நட்சத்திரம்.

உள்ளே என்ன நடக்கிறது?

லித்தியம் பேட்டரிக்குள் இரண்டு முனைகள் உண்டு. ஒன்று பெரும்பாலும் கிராபைட், அதாவது பென்சில் முனையில் உள்ள பொருள். இன்னொன்று லித்தியத்துடன் வேறு உலோகங்கள் சேர்ந்த ஒரு கலவை. சார்ஜ் செய்யும்போது லித்தியம் அயனிகள் கிராபைட் பக்கம் போய்த் தங்குகின்றன. பயன்படுத்தும்போது திரும்பி வருகின்றன. இந்தப் போக்குவரத்துதான் பேட்டரியின் உயிர். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் அயனிகள் வழியில் சிக்கிக் கொள்ளும். அதுதான் பேட்டரிக்கு வயதாவது.

இரண்டாவது முனையில் என்ன கலவை என்பதைப் பொறுத்து லித்தியம் பேட்டரிகளில் பல வகை உண்டு. லேப்டாப், செல்போன்களில் கோபால்ட் அல்லது நிக்கல் சேர்ந்தவை அதிகம். இவற்றின் ஒரு செல் சுமார் 3.6 வோல்ட் தரும், முழு சார்ஜில் 4.2 வோல்ட் வரை ஏறும். பெட்ரோல் கார்களில் இன்ஜினை ஸ்டார்ட் செய்யும் லித்தியம் பேட்டரியில் பெரும்பாலும் இரும்பு பாஸ்பேட் கலவை இருக்கும். இதன் ஒரு செல் 3.2 வோல்ட்.

காருக்கு ஏன் இரும்பு பாஸ்பேட்? சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். காரில் உள்ள ஆல்டர்னேட்டர் சுமார் 14 வோல்ட்டில் சார்ஜ் செய்யும். இரும்பு பாஸ்பேட் செல்கள் நான்கைச் சேர்த்தால் 12.8 வோல்ட், முழு சார்ஜுக்கு 14.4 வோல்ட். கச்சிதமாகப் பொருந்துகிறது. லேப்டாப் வகை செல் மூன்றைப் போட்டால் முழு சார்ஜே 12.6 வோல்ட்தான். 14 வோல்ட் கொடுத்தால் ஆபத்து. நான்கு போட்டால் 16.8 வோல்ட் தேவை. 14 வோல்ட்டில் ஒருபோதும் நிரம்பாது. மேலும் இரும்பு பாஸ்பேட் சூட்டைக் கூடுதலாகத் தாங்கும், எளிதில் தீப்பிடிக்காது, அதிக முறை சார்ஜ் செய்யலாம். அதே எடைக்குச் சற்றுக் குறைவாக மின்சாரம் சேமிக்கும் என்பதுதான் குறை.

இந்தக் கண்டுபிடிப்பில் தமிழகத்துக்கும் பங்கு உண்டு. தமிழ்நாட்டின் அமராபுரம் என்ற சிற்றூரில் பிறந்து, சென்னை ஐஐடியில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்ற ஆறுமுகம் மந்திரம் 1980களில் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்எனப்புடன் சேர்ந்து இரும்பு சல்பேட் போன்ற கலவைகளை ஆராய்ந்தார். அந்த வழியில்தான் 1997ல் குட்எனப் குழு இரும்பு பாஸ்பேட்டைக் கொண்டு வந்தது. 2019ல் லித்தியம் பேட்டரிக்காக குட்எனப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ மூவருக்கும் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. ஸ்டாக்ஹோமில் குட்எனப்பின் சார்பாக நோபல் உரை நிகழ்த்தியவர் மந்திரம்தான். காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்திலும் லித்தியம் பேட்டரி ஆராய்ச்சி நடக்கிறது.

வாட்-அவர் கணக்கு தெரிந்து கொள்ளுங்கள்

பேட்டரி வாங்கும்போது ஏமாறாமல் இருக்க இந்தக் கணக்கு அவசியம். வோல்ட்டையும் ஆம்பியர்-அவரையும் பெருக்கினால் வாட்-அவர். பேட்டரியில் மொத்தம் எவ்வளவு மின்சாரம் இருக்கிறது என்பதை இதுதான் சொல்லும்.

போர்ஷே பேட்டரி: 12.8 பெருக்கல் 18, சுமார் 230 வாட்-அவர்.
சாதாரண லேப்டாப்: 11.1 வோல்ட், 4 ஆம்பியர்-அவர் என்றால் சுமார் 44 வாட்-அவர்.
டெஸ்க்டாப் யூபிஎஸ் பேட்டரி: 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர், 84 வாட்-அவர்.

ஆக, ஸ்போர்ட்ஸ் காரை ஸ்டார்ட் செய்யும் பேட்டரியில் இருப்பது ஐந்து லேப்டாப்களில் உள்ள மின்சாரம்தான்! ஆனால் அது சில வினாடிகளுக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்ட வேண்டும். லேப்டாப் பேட்டரி சில ஆம்பியரை மணிக்கணக்கில் கொடுத்தால் போதும். இரண்டும் லித்தியம் என்றாலும் வேலை வேறு. ஒன்றில் உள்ள செல்லை எடுத்து இன்னொன்றில் போடக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

நிறுத்தி வைத்த காரும் தூங்கும் லேப்டாப்பும்

எடை குறைந்த பேட்டரிக்கு ஒரு பலவீனம் உண்டு. கையிருப்பு குறைவு. காரை ஷெட்டில் நிறுத்திப் பூட்டிவிட்டாலும் அலாரம், கடிகாரம், உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர்கள் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரத்தை உறிஞ்சிக் கொண்டே இருக்கும். உதாரணத்திற்கு 30 மில்லி ஆம்பியர் என்று வைத்துக் கொள்வோம். ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர்-அவர். 60 ஆம்பியர்-அவர் பேட்டரி என்றால் 83 நாள் தாங்கும். 18 ஆம்பியர்-அவர் பேட்டரி 25 நாளில் காலி.

லித்தியம் செல் அளவுக்கு மீறிக் காலியாகிவிட்டால் உள்ளே தாமிரம் கரைய ஆரம்பித்து, அடுத்த சார்ஜில் ஷார்ட் ஆகும் அபாயம் உண்டு. இதைத் தடுக்க பேட்டரிக்குள் ஒரு காவல் சர்க்யூட் வைத்திருப்பார்கள். வோல்ட்டேஜ் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனதும் அது இணைப்பைத் துண்டித்துவிடும். அப்போது மீட்டரில் பூஜ்யம் காட்டும். பேட்டரி செத்துவிட்டது என்று நினைத்துத் தூக்கிப் போட வேண்டாம். லித்தியத்துக்கான சார்ஜரை மாட்டினால் பெரும்பாலும் எழுந்துவிடும். மாதக் கணக்கில் அப்படியே விட்டால் எழாது.

லேப்டாப்பிலும் இதே கதைதான். மூடியை மூடினால் லேப்டாப் ஆப் ஆகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அது ஸ்லீப் நிலையில்தான் இருக்கிறது. ஸ்லீப்பில் அரை வாட் செலவாகிறது என்று வைத்தால் 45 வாட்-அவர் பேட்டரி 90 மணி நேரத்தில், அதாவது நான்கு நாளுக்குள் தீர்ந்துவிடும். ஊருக்குப் போகும்போது ஷட் டவுன் செய்யுங்கள். ஒரு மாதத்திற்கு மேல் என்றால் பேட்டரியை 50 சதவீத அளவில் வைத்து ஷட் டவுன் செய்து, குளிர்ந்த இடத்தில் வையுங்கள். இரண்டு மாதத்திற்கு ஒரு முறை பார்த்து, குறைந்திருந்தால் மீண்டும் 50 சதவீதத்திற்கு ஏற்றுங்கள்.

நான்கு விதிகள்

1. சூடு ஆகாது. காரில் லித்தியம் பேட்டரியை இன்ஜின், சைலன்சர் ஆகியவற்றின் அருகில் வைக்கக் கூடாது. லேப்டாப்பை மெத்தை, தலையணை மீது வைத்துப் பயன்படுத்தக் கூடாது, அடியில் உள்ள காற்றுத் துளைகள் அடைபடும். மே மாதம் வெயிலில் நிறுத்திய காருக்குள் லேப்டாப் பையை விட்டுவிட்டுப் போகக் கூடாது.

2. முழுச் சார்ஜில் நெடுநாள் வைக்கக் கூடாது. பேட்டரித் துறையில் பொதுவாகக் காட்டப்படும் கணக்கு இது: 40 டிகிரி வெப்பத்தில் 100 சதவீத சார்ஜுடன் ஓராண்டு கிடந்தால் கொள்ளளவில் சுமார் 65 சதவீதம்தான் மிஞ்சும். அதே வெப்பத்தில் 40 சதவீத சார்ஜுடன் கிடந்தால் சுமார் 85 சதவீதம் மிஞ்சும். சூடும் முழுச் சார்ஜும் சேரும்போதுதான் பேட்டரி வேகமாகக் கெடுகிறது.

3. முழுவதும் காலி செய்யக் கூடாது. முழுவதும் தீர்த்துவிட்டு சார்ஜ் செய்ய வேண்டும் என்பது பழைய நிக்கல் காட்மியம் பேட்டரிகளுக்குச் சொன்ன விதி. லித்தியத்துக்குப் பொருந்தாது. 20 சதவீதம் வந்ததும் சார்ஜரை மாட்டுங்கள். இரண்டு முறை பாதி பாதியாகச் சார்ஜ் செய்தால் அது ஒரு சைக்கிள் என்றுதான் கணக்கு. அதனால் அடிக்கடி மாட்டுவதால் நஷ்டம் இல்லை.

4. அதற்குரிய சார்ஜர் மட்டுமே. ஈய பேட்டரி சார்ஜர்கள் சிலவற்றில் பேட்டரித் தகட்டில் படிந்ததைக் கரைக்க அதிக வோல்ட்டேஜ் துடிப்புகள் கொடுக்கும் வசதி இருக்கும். அதை லித்தியத்தில் மாட்டினால் காவல் சர்க்யூட்டே பழுதாகும். லேப்டாப்புக்கும் வோல்ட், வாட் இரண்டும் பொருந்தும் சார்ஜரையே வாங்குங்கள். பின் நுழைகிறது என்பதற்காக மாட்டிவிடாதீர்கள்.

உங்கள் பேட்டரியின் உடல்நிலை அறிய

காரில் உள்ள ஈய பேட்டரியை வோல்ட் மீட்டரால் ஓரளவு கணிக்கலாம். 12.6 என்றால் நிறைவு, 12 என்றால் ஏறக்குறைய காலி. இரும்பு பாஸ்பேட்டில் இது பலிக்காது. பெரும்பகுதி நேரம் 13.2 வோல்ட்டை ஒட்டியே நின்றுவிட்டு, கடைசியில் சட்டென்று விழும். எனவே உள்ளே போவதையும் வருவதையும் எண்ணிக் கணக்கு வைக்கும் சிப் தேவை. உங்கள் லேப்டாப்பிலும் அப்படி ஒரு சிப் இருக்கிறது. அதனிடமே கேட்டுவிடலாம். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் இது வேலை செய்யும்.

முதலில் ஸ்டார்ட் பட்டனைத் தட்டி, ஆங்கிலத்தில் சிஎம்டி என்ற மூன்று எழுத்துகளை டைப் செய்து என்டர் தட்டுங்கள். கறுப்பு நிற விண்டோ ஒன்று திறக்கும். பயப்பட வேண்டாம்.

அதில் ஆங்கிலத்தில் பவர் என்ற சொல்லையும் அதை ஒட்டியே சி, எப், ஜி என்ற மூன்று எழுத்துகளையும் டைப் செய்யுங்கள். பிறகு ஒரு ஸ்பேஸ். பிறகு கேள்விக்குறி இருக்கும் கீயில் உள்ள சாய்கோடு. அதை ஒட்டி பேட்டரி, ரிப்போர்ட் என்ற இரு சொற்களை இடைவெளி இல்லாமல் டைப் செய்து என்டர் தட்டுங்கள்.

அறிக்கை எந்த போல்டரில் சேமிக்கப்பட்டது என்று அதிலேயே காட்டும். பொதுவாக சி டிரைவில் யூசர்ஸ் போல்டருக்குள் உங்கள் பெயரில் உள்ள போல்டரில் இருக்கும். அந்த பைலை டபுள் கிளிக் செய்தால் பிரவுசரில் திறக்கும். இன்டர்நெட் தேவையில்லை.

அதில் "இன்ஸ்டால்டு பேட்டரீஸ்" என்ற பகுதியைப் பாருங்கள். "டிசைன் கெபாசிட்டி" என்பது புதிதாக இருந்தபோது உள்ள அளவு. "புல் சார்ஜ் கெபாசிட்டி" என்பது இன்று தாங்கும் அளவு. முதலாவது 45,000, இரண்டாவது 36,000 என்றால் 80 சதவீத ஆரோக்கியம். 60 சதவீதத்திற்குக் கீழே வந்துவிட்டால் மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம். "சைக்கிள் கவுன்ட்" என்பது எத்தனை முறை முழுச் சுற்று ஓடியது என்பதைக் காட்டும். லேப்டாப் பேட்டரிகள் பொதுவாக 300 முதல் 500 சுற்றுக்குப் பிறகு தளர ஆரம்பிக்கும். சில மாடல்களில் இந்த எண் வராது.

80 சதவீதத்தில் நிறுத்துவது எப்படி?

லேப்டாப்பைப் பெரும்பாலும் மேஜையில் வைத்து சார்ஜரோடு பயன்படுத்துபவரா? அப்படியானால் 80 சதவீதம் ஆனதும் சார்ஜ் நின்றுவிடும்படி அமைத்துவிடுங்கள். லெனோவாவில் வான்டேஜ் என்ற சாப்ட்வேரில் கன்சர்வேஷன் மோடு என்று இருக்கும். ஏசசில் மைஏசஸ் சாப்ட்வேரில் பேட்டரி கேர். ஏசரில் கேர் சென்டர். எச்பியின் பல மாடல்களில் பயாஸ் செட்டப்பில் பேட்டரி ஹெல்த் மேனேஜர். மாடலுக்கு மாடல் பெயரும் அளவும் சற்று மாறும். வெளியூர்ப் பயணத்துக்கு முதல் நாள் மட்டும் இதை ஆப் செய்து 100 சதவீதம் ஏற்றிக் கொள்ளலாம்.

புயல் வரும் ஊரில்

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே இருக்கும் சிதம்பரம், தென்பெண்ணையும் கெடிலமும் கடலில் கலக்கும் கடலூர் இரண்டுக்கும் மழைக்காலம் என்றாலே கவலைதான். 2011 டிசம்பர் 30ம் தேதி காலை கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயலில் ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்தன. பல கிராமங்களுக்கு மின்சாரம் திரும்பி வர வாரக்கணக்கில் ஆனது. 2015 நவம்பர் மழை, 2024ல் பெஞ்சல் புயலுக்குப் பின் தென்பெண்ணையில் வந்த வெள்ளம் என்று பட்டியல் நீளும்.

புயல் எச்சரிக்கை வந்ததும் 80 சதவீதக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு லேப்டாப், செல்போன், பவர் பேங்க் எல்லாவற்றையும் முழுவதும் சார்ஜ் செய்யுங்கள். இரண்டு நாள் முழுச் சார்ஜில் இருப்பதால் ஒன்றும் கெட்டுவிடாது. லேப்டாப்பைப் படம் பார்க்கப் பயன்படுத்தாதீர்கள். 45 வாட்-அவர் பேட்டரியிலிருந்து ஒரு 5,000 மில்லி ஆம்பியர்-அவர் செல்போனை சுமார் ஒன்றரை முறை சார்ஜ் செய்யலாம். கரன்ட் இல்லாத ஊரில் ஆம்புலன்சை அழைக்கவும், உறவினருக்கு நலம் சொல்லவும் அதுதான் உதவும். பிறகு லேப்டாப்பை பாலிதீன் பையில் சுற்றி பரண் மேல் வையுங்கள்.

உப்புத் தண்ணீர் புகுந்தால் என்ன ஆகும்? இதற்கும் ஒரு கார் கதை உண்டு. 2012 அக்டோபர் இறுதியில் அமெரிக்காவை சாண்டி புயல் தாக்கியபோது, நியூஜெர்சியின் நெவார்க் துறைமுகத்தில் நிறுத்தி வைத்திருந்த பிஸ்கர் கர்மா என்ற விலை உயர்ந்த ஹைப்ரிட் கார்கள் கடல் நீரில் மூழ்கின. அவற்றில் 16 கார்கள் எரிந்து போயின. எல்லோரும் லித்தியம் பேட்டரியைத்தான் சந்தேகித்தார்கள். ஆராய்ந்து பார்த்த கம்பெனி சொன்ன காரணம் வேறு. கட்டுப்பாட்டு சர்க்யூட்டில் படிந்த உப்பு அரித்து ஷார்ட் ஆகியிருக்கிறது. சாதாரண 12 வோல்ட் பேட்டரி அதற்கு மின்சாரம் கொடுத்துக் கொண்டே இருந்ததால் ஒரு காரில் தீப்பிடித்து, பலத்த காற்றில் மற்ற கார்களுக்கும் பரவியது என்றது.

இதில் நமக்குப் பாடம் இருக்கிறது. லேப்டாப் ஆப் ஆகி இருந்தாலும் பேட்டரி மதர்போர்டுக்கு மின்சாரம் கொடுத்துக் கொண்டேதான் இருக்கும். வெள்ளத்தில் நனைந்த லேப்டாப்பை "காய்ந்துவிட்டதா பார்க்கலாம்" என்று ஆன் செய்யாதீர்கள். சார்ஜரை மாட்டவே மாட்டாதீர்கள். கழற்றக் கூடிய பேட்டரி என்றால் உடனே கழற்றுங்கள். உள்ளே பொருத்தியது என்றால் சர்வீஸ் சென்டரில் கொடுத்துக் கழற்றச் சொல்லுங்கள். அதுவரை வீட்டிற்குள் கட்டில், துணிமணி அருகில் வைக்காமல், மழை படாத சிமென்ட் தரையில் தனியாக வையுங்கள். உப்புநீர் புகுந்த பேட்டரி சில நாள் கழித்தும் தீப்பிடிக்கலாம். உள்ளே இருக்கும் பைல்கள் முக்கியம் என்றால், பேட்டரியைக் கழற்றிய பிறகு ஹார்டு டிஸ்கைத் தனியே எடுத்து மீட்க முயலலாம். மின்சார ஸ்கூட்டர் மூழ்கினாலும் இதே விதிதான், மெக்கானிக் பார்க்காமல் சார்ஜ் போடக் கூடாது.

வீங்கிய பேட்டரி

டச்பேட் மேலே தூக்கிக் கொண்டு வருகிறதா? அடிப்பக்கம் உப்பி, மேஜையில் வைத்தால் லேப்டாப் ஆடுகிறதா? பேட்டரி வீங்கியிருக்கிறது என்று அர்த்தம். உள்ளே வாயு சேர்ந்துவிட்டது. அழுத்தியோ, ஊசியால் குத்தியோ சரி செய்ய நினைப்பது ஆபத்து. சார்ஜரை எடுத்துவிட்டு, ஷட் டவுன் செய்து, பேட்டரியை மாற்றும் வரை பயன்படுத்தாதீர்கள்.

புதிய லேப்டாப்பிலும் தவறு நடக்கலாம். 2006ல் டெல் நிறுவனம் சோனி செல்கள் இருந்த சுமார் 41 லட்சம் லேப்டாப் பேட்டரிகளைத் திரும்பப் பெற்றது. தயாரிக்கும்போது செல்லுக்குள் கலந்துவிட்ட நுண்ணிய உலோகத் துகள்கள் ஷார்ட் ஏற்படுத்தலாம் என்பதே காரணம். பெரிய கம்பெனிகளிலேயே இப்படி என்றால், பெயர் இல்லாத மலிவு பேட்டரியில் சோதனை எந்த அளவு நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மாற்று பேட்டரி வாங்கும்போது இந்தியத் தர நிறுவனத்தின் முத்திரையும், ஐஎஸ் 16046 என்ற எண்ணும், ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் அச்சிடப்பட்டுள்ளதா என்று பாருங்கள். பழையதைக் குப்பையில் போடாதீர்கள். 2022ல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பழைய பேட்டரிகளைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளர்களுக்கு உண்டு. சர்வீஸ் சென்டரில் கொடுத்துவிடுங்கள்.

புகை வந்தால் மெயின் சுவிட்சை அணையுங்கள். குழந்தைகளையும் பெரியவர்களையும் வெளியே அனுப்புங்கள். அந்தப் புகை விஷமானது, குனிந்து பார்க்காதீர்கள். உடனே 101 அல்லது 112க்கு போன் செய்யுங்கள். லேப்டாப் போனால் வேறு வாங்கலாம்.

சில கேள்விகள்

டெஸ்க்டாப் யூபிஎஸ்ஸில் ஈய பேட்டரியை எடுத்துவிட்டு லித்தியம் பேட்டரி போடலாமா?
யூபிஎஸ்ஸின் சார்ஜர் ஈய பேட்டரிக்காக அமைக்கப்பட்டது. அளவு ஒன்றாக இருக்கிறது என்பதற்காக மாற்றக் கூடாது. லித்தியத்துக்கு ஏற்றது என்று யூபிஎஸ் தயாரிப்பாளரே சொல்லியிருந்தால் மட்டும் மாற்றலாம். வீட்டு இன்வெர்ட்டருக்கும் இதே பதில்தான்.

புது லேப்டாப்பை முதல் முறை எட்டு மணி நேரம் சார்ஜ் செய்ய வேண்டுமா?
வேண்டாம். நிரம்பியதும் அதுவே நிறுத்திக் கொள்ளும்.

பேட்டரியைக் கழற்றிவிட்டு சார்ஜரில் மட்டும் பயன்படுத்தலாமா?
பழைய மாடல்களில் முடியும். ஆனால் கரன்ட் போனால் செய்து கொண்டிருந்த வேலை போய்விடும். 80 சதவீதக் கட்டுப்பாடே நல்ல வழி.

விமானத்தில் கொண்டு போகலாமா?
100 வாட்-அவருக்குள் உள்ள லேப்டாப், பவர் பேங்க் ஆகியவற்றைக் கைப்பையில் கொண்டு போகலாம். பவர் பேங்கை செக்-இன் பெட்டியில் வைக்க அனுமதி இல்லை.

உங்கள் வீட்டு வாசலில் ஸ்போர்ட்ஸ் கார் நிற்காமல் இருக்கலாம். ஆனால் அதை ஓட்டுபவர் பேட்டரிக்குக் காட்டும் அக்கறையில் பாதியை நீங்கள் லேப்டாப்புக்குக் காட்டினால் போதும். இன்றே பேட்டரி அறிக்கையை எடுத்து, அந்த இரண்டு எண்களையும் தேதியுடன் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். ஆறு மாதம் கழித்து மீண்டும் எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். பேட்டரியை எப்படி வைத்திருக்கிறீர்கள் என்பதை அந்த எண்களே சொல்லிவிடும்.